நான் வந்தால் சூடாகும் மெஷின்

ஜூலை 3, புதன்

நாற்காலியில் உட்காரும் முன்பே போன். காங்கேயம் பக்கத்திலிருந்து தங்கநாயகி. காடைக்குஞ்சு பொரித்து விற்பதற்காகப் போன மாதம் எங்களிடம் மெஷின் வாங்கியவர். முதல் தடவை அடுக்கிய முட்டை அத்தனையும் கூமுட்டையாகப் போய்விட்டதாம்.

"ஸ்கிரீன்ல என்னக்கா காட்டுது?"

"ஹீட்டர் ஆன்னு காட்டுதுங் அம்மிணி. செகப்பு லைட்டும் எரியுது. உள்ள கையை வெச்சா கெணத்துத் தண்ணியாட்ட சில்லுன்னு இருக்குது."

ஹீட்டர் ஆன் என்று காட்டினால் ஹீட்டர் ஆன்தான். அந்த இரண்டு வார்த்தைகளை அதற்குள் எழுதி வைத்தவளே நான். கதவைச் சரியாகச் சாத்துகிறீர்களா என்று மட்டும் மிக மரியாதையாகக் கேட்டேன். பிறகு, "பல வருசம் மில்லுல மெஷின் ஓட்டுனவளுங் நானு. கதவு சாத்தத் தெரியுமுங்" என்றார். நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக் காட்டப் பஸ் ஏறுவதும் என் வேலைதான்.

என்றாவது இந்த நோட்டைப் பழைய பேப்பர்க்காரர் படிக்க நேர்ந்தால் அவருக்காக ஒரு அறிமுகம். குஞ்சு பொரிக்கும் மெஷின் செய்யும் எங்கள் கம்பெனி கோயமுத்தூர் கணபதியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி நாகமாணிக்கம் சார். கோகிலவாணியாகிய நான் மெஷினின் மூளைக்குப் பொறுப்பு. மூளை என்பது ஒரு சின்ன நீல போர்டு. உள்ளே வெப்பம் குறைந்தால் அது ரிலேக்கு உத்தரவு போடும். ரிலே 'டக்' என்று தட்டி ஹீட்டரைப் போடும். போர்டு, ஒயர், திருகாணி எல்லாம் வாங்கிப் போடுவது சென்னியப்பன். பெட்டி செய்ய இன்னும் இரண்டு பேர். மாவு மில் ஓடும்போது எல்லோரும் கத்திப் பேசுவோம். நின்ற பிறகும் அப்படியேதான் பேசுவோம்.

பதினொரு மணிக்கு சென்னியப்பன் வழக்கம்போல என் மேசையில் ஒரு பொட்டலம் வைத்தார். ஒரு ஆமவடை. "கடைக்காரரு ஒண்ணு சேத்திப் போட்டுட்டாருங் மேடம்." இரண்டு வருடமாகத் தினமும் அந்தக் கடைக்காரர் ஒன்று சேர்த்துப் போடுகிறார். இப்படிப்பட்ட தாராள மனசுக்காரர் இன்னும் கடையை மூடாமல் நடத்துவது கோயமுத்தூரின் அதிசயங்களில் ஒன்று. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உணவை வீணாக்கக் கூடாது என்பதற்காகச் சாப்பிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காங்கேயத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்காக ஒரு யுகம் நின்று, கடைசியில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை. அங்கே அடித்த காற்றில் என் துப்பட்டா மட்டும் தாராபுரம் வரை போய்த் திரும்பியிருக்கும். தங்கநாயகி நல்ல உயரம். பேச்சில் இருக்கிற 'ங்' மரியாதையெல்லாம் பார்வையில் கிடையாது.

மெஷின் முன்னால் லேப்டாப்பை விரித்துக் கேபிளைச் செருகினேன். எதைத் தொடுவதற்கு முன்பும் நான் கேபிளைச் செருகிவிடுவேன். உள்ளே போர்டு என்ன நினைக்கிறது என்று லேப்டாப்பில் தெரியும். பிறகு மெஷினைப் போட்டேன். 'டக்' என்றது. ஹீட்டர் சுட்டது. கதவைச் சாத்தி டீ குடித்து முடிப்பதற்குள் வெப்பம் வேண்டிய அளவுக்கு ஏறி நின்றது.

"நேத்து வரைக்கும் சுடலீங் அம்மிணி."

"இப்ப சுடுது பாருங்க."

அவர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஈட்டுக்கான முட்டைகள் கூடைகளில் தயாராக இருந்தன. அவருடைய சொந்தக் காடைகள் இட்டவை. "நீங்க சொன்னீங்கன்னா வெக்கறனுங். மில்லு வேலையை உட்டுப்போட்டு இதுல எறங்கியிருக்கறன். இந்த ஈடும் போச்சுன்னா மெஷினை எடைக்குப் போட்டுட்டு மறுபடி ஷிப்டுக்குத்தான் போகோணும்."

வையுங்கள் என்றேன். அடுக்கினார். கேபிளைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன். சர்வீஸ் தாளில் எழுதியது: மெஷினில் கோளாறு இல்லை. வாடிக்கையாளர் கதவைக் கவனிக்கவும்.

ஜூலை 6, சனி

மறுபடி போன். நான் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் மெஷின் ஆறிப்போய்விட்டதாம். ஸ்கிரீனில் ஹீட்டர் ஆன். சிவப்பு விளக்கும் எரிகிறது. உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, போட்டும் அணைத்தும் முட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாராம். தூங்கவில்லையாம்.

அதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. எனக்கும்தான் தூக்கம் வரவில்லை. நான் யாருக்குப் போன் செய்வது.

ஜூலை 8, திங்கள்

நாகமாணிக்கம் சார் கூட்டம் போட்டார். ஒவ்வொரு மெஷினும் வெளியே போகும்போது அதன் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுபவர் அவர். எங்கள் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என்று ஏதாவது இருக்கிறது என்றால் அதுதான். சூடம் காட்டியும் மெஷின் சுடவில்லை என்றால் தப்பு மனிதரிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

"அந்த மெஷின்ல புதுசா என்ன போட்டோம்?"

சென்னியப்பன் எழுந்து நின்றார். இந்தச் சின்ன அறையில் எழுந்து நிற்கும் ஒரே ஆள் அவர்தான். "போர்டு மட்டுந்தானுங் சார். பழைய ரகம் வர்றதில்லீங். அதே கம்பெனி, அதே அளவு, அதே பின்னு. பேருக்குப் பின்னாடி ரெண்டுன்னு இருந்த எடத்துல மூணுன்னு போட்டிருக்குதுங். விலையும் அதேதானுங்."

"டூப்ளிகேட்டு" என்றார் சார். ஒரு மருத்துவர் கூட இவ்வளவு சீக்கிரம் நோயைச் சொல்லியிருக்க மாட்டார். "டூப்ளிகேட் போர்டு அப்படித்தான். பாத்தா ஓடும், பாக்காட்டி நின்னுக்கும்."

புது போர்டு போட்டு வெளியே போனது மூன்று மெஷின்கள். மற்ற இரண்டையும் வாங்கியவர்கள் ஆடி கழியட்டும் என்று பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆடி மாதத்துக்கு என் நன்றி.

வடை வந்தது. ஆறிப்போயிருந்தது. சென்னியப்பன் கொண்டுவர மறந்து, பிறகு ஞாபகம் வந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

மிச்சமிருந்த புது போர்டு எல்லாவற்றையும் என் மேசையில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். லேப்டாப்பைச் செருகு. ஹீட்டர் ஆன். டக். கழற்று. அடுத்தது. செருகு. டக். நாள் முழுக்க இதே சங்கீதம். ஒன்றுகூட அபஸ்வரம் இல்லை.

சென்னியப்பன் தன் வேலை எதையும் பார்க்காமல் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு டக்குக்கும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப டூப்ளிகேட் இல்லீங்களே மேடம்?"

"டூப்ளிகேட்டா இருந்தா உங்க வடைக் கடைக்காரர் மாதிரி தினமும் ஒண்ணு சேத்துக் குடுத்திருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். என் நகைச்சுவையின் தரம் குறைந்துவருகிறது.

ஜூலை 11, வியாழன்

மறுபடி காங்கேயம். மறுபடி கேபிள். மறுபடி டக்.

இதைவிட அவமானம் ஒரு எஞ்சினியருக்கு வேண்டாம். பழுதாகியிருந்தால் சரிசெய்யலாம். நன்றாக ஓடுகிற மெஷின் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது? அடாப்டரை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். ஒயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாகச் செருகினேன். வெப்பம் சமர்த்தாக ஏறி நின்றது. லேப்டாப்பில் எல்லாம் பச்சை.

தங்கநாயகி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மெஷினுக்குள் பல்பு தொங்கிய இடத்தில் ஒரு கயிறு. "நீங்க வந்தாச் சுடுதுங். போனா ஆறிப்போகுதுங். பேசாம இங்கயே இருந்துக்கோங்க அம்மிணி. சோறு போடறனுங்."

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அவரும் சிரிக்கவில்லை. இந்த வாரம் யாரும் சிரிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

முட்டைகளில் ஒன்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள். உயிர் இருக்கிறது. "இது நீங்க வெக்கச் சொன்னதுங்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார். நான் ஒயரை எல்லாம் இன்னொரு தடவை பிடுங்கிச் செருகினேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆபீஸுக்குள் நுழைவதற்கு முன்பே தங்கநாயகி போன் வந்துவிட்டது. ஆறிவிட்டது.

நாகமாணிக்கம் சார் சென்னியப்பனை அழைத்து, இந்தப் பிரச்சினை தீரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். என்னிடம், "புதன்கிழமைக்குள்ள ரிப்போர்ட் குடு. டூப்ளிகேட்டா இல்லையா, ஒரே வார்த்தை. டூப்ளிகேட்டுன்னா அவன் திரும்பி வர வேண்டியதில்ல" என்றார்.

"டூப்ளிகேட் இல்லன்னா, சார்?"

"அப்ப ஏன் சுடல?"

பதில் இல்லாத கேள்வி கேட்பதில் சாருக்கு நல்ல தேர்ச்சி.

சென்னியப்பன் தன் மேசையைத் துடைத்தார். திருகாணி டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கினார். போகும்போது என் மேசையில் பொட்டலத்தை வைத்தார். கடைக்காரர் சேர்த்துப் போட்டதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 13, சனி

இன்று வடை இல்லை. உடம்புக்கு நல்லது.

ஜூலை 15, திங்கள்

இன்றும் இல்லை. எடை பார்த்தேன். குறையவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாகப் போகிறது. காரணம் டவுன் பஸ்.

காலையில் காங்கேயம் கிளம்பினேன். வழியில் சூலூரில் இறங்கினேன். சென்னியப்பன் வீடு அங்கேதான். பழைய ரகப் போர்டு ஒன்று அவரிடம் கைவசம் இருக்குமா என்று கேட்கத்தான். போனிலேயே கேட்டிருக்கலாம் என்பது இறங்கிய பிறகுதான் தோன்றியது.

கைலியும் பனியனுமாகச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் ஒன்று மாறியிருந்தது. பழைய போர்டு இல்லையாம். காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குப் பர்ச்சேஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

"நல்லதாப் போச்சு. போங்க" என்றேன். மிக நல்ல செய்தி. அவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பஸ் வந்துவிடும் என்று எழுந்து வேகமாக வந்துவிட்டேன். காப்பியைப் பாதியில் வைத்தேன் என்று நினைக்கிறேன்.

தங்கநாயகியின் கொட்டகைக்குள் போய்ப் பையைத் திறந்தால் மல்டிமீட்டர் இருக்கிறது, திருப்புளி இருக்கிறது, லேப்டாப்பைக் காணோம். அது சூலூரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தது. இத்தனை வருட வேலையில் நான் லேப்டாப்பை எங்கேயும் விட்டதில்லை. வெயில் அதிகம்.

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். "பாத்தனுங் மேடம். கெளம்பிட்டனுங்" என்றார். வண்டி ஓடும் சத்தம் கேட்டது.

அவர் வரும்வரை சும்மா உட்கார முடியாமல் பல்பை அணைக்கச் சொன்னேன். மெஷினைப் போட்டேன். வெப்பம் மெல்ல இறங்கியது. ஸ்கிரீனில் ஹீட்டர் ஆன். சிவப்பு விளக்கு எரிந்தது.

டக் வரவில்லை.

என் கண் முன்னால், முதல் தடவையாக, என் மெஷின் என்னிடம் பொய் சொன்னது. தங்கநாயகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டர் சரி. போர்டு உயிரோடு இருக்கிறது. ஸ்கிரீனுக்குப் போகிற கரண்ட் சரி. ரிலேக்குக் கரண்ட் கொடுக்கும் பின்னில் வைத்தேன். அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் பழைய போர்டில் இருந்தது போலவே ஐந்து வோல்ட் என்று அழகாக அச்சிட்டிருக்கிறது. மீட்டர் பூஜ்யம் என்றது. மீட்டரைத் தட்டினேன். பூஜ்யம். முனையைத் துடைத்து வைத்தேன். பூஜ்யம்.

மதியத்துக்கு மேல் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். தலையெல்லாம் புழுதி. லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். மீட்டரை அந்தப் பின்னிலேயே பிடித்துக்கொண்டு, "கேபிளைச் செருகுங்க" என்றேன்.

செருகினார். டக். மீட்டரில் ஐந்து வோல்ட்.

"கழற்றுங்க."

கழற்றினார். டக் என்று விட்டது. பூஜ்யம்.

"செருகுங்க."

இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். மூன்று பேரும் மெஷினைச் சுற்றி நின்று, சர்க்கஸ் மாதிரி பார்த்தோம், கையில் பொரி மட்டும்தான் இல்லை. பழைய போர்டு அடாப்டரிலிருந்து கரண்ட் வாங்கித் தானே ஐந்து வோல்ட் தயாரித்து அந்தப் பின்னில் கொடுக்கும். புது போர்டு அந்த ஐந்து வோல்ட்டைத் தயாரிப்பதில்லை. யூ.எஸ்.பி. கேபிள் வழியாக வருவதை அப்படியே அந்தப் பின்னில் திருப்பிவிடுகிறது. கேபிள் இல்லையென்றால் அந்தப் பின் வெறும் அலங்காரம். ஸ்கிரீனுக்கும் சிவப்பு விளக்குக்கும் போர்டு தானே தயாரிக்கிற மூன்று வோல்ட் சில்லறை போதும், அதனால் அவை எரிகின்றன. அதாவது இத்தனை நாளும் ஹீட்டரைத் தட்டிவிட்டது என் லேப்டாப். நான் வந்து கேபிளைச் செருகினால் சுடும். கழற்றிக்கொண்டு போனால் ஆறும். அந்த அம்மா முதல் நாளிலிருந்து இதைத்தான் சொன்னார். நான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"அப்ப போர்டு..." என்றார் சென்னியப்பன்.

"அசல். சுத்த அசல். அசலாவே மாத்தித் தொலைச்சிருக்காங்க."

அவர் அப்படியே தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதி கண்ணில் பட்டிருக்கும். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரும் சரியாகத் தெரியவில்லை.

"லேப்டாப்பை இங்கயே வெச்சுட்டுப் போறீங்களாங்?" என்றார் தங்கநாயகி. அவருக்கு முட்டைதான் கவலை. எங்களில் புத்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

சென்னியப்பன் பாக்கெட்டிலிருந்து தன் செல்போன் சார்ஜரை எடுத்தார். அதுவும் ஐந்து வோல்ட்தான். பிளக்கில் மாட்டி, கேபிளை போர்டில் செருகினார். டக். ஒரு பொறியியல் பட்டமும் இரண்டு வாரமும் செய்யாததைச் சாலையோரக் கடையில் வாங்கிய சார்ஜர் செய்தது. வெப்பம் ஏறி நின்றது. கொஞ்சம் இறங்கியது. டக். மறுபடி ஏறியது. யாரும் எதையும் தொடவில்லை.

தங்கநாயகி பல்பைக் கழற்றிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் காற்று அவ்வளவு சத்தம் போட்டும் கேட்காமல் மூட்டை மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

வண்டியில் காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டார். திருப்பூரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ரிப்போர்ட் கொடுத்தேன். ஒரே வார்த்தை கேட்டிருந்தார், இரண்டு வார்த்தையாகக் கொடுத்தேன்: டூப்ளிகேட் இல்லை. பிறகு விளக்கினேன். நாகமாணிக்கம் சார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். புரிந்திருக்காது. ஆனால் தலையாட்டலில் குறை சொல்ல முடியாது.

"சரி. மூணு மெஷினையும் இப்ப சரி பண்ணிக் குடுக்கோணும். அந்தம்மாவுக்கு ஒரு ஈடு போயிருக்கு. யாராச்சும் ஒருத்தர் பொறுப்பேத்துக்கோணுமில்ல. அந்த போர்டை வாங்குனது சென்னியப்பன்தான?"

"அதை டெஸ்ட் பண்ணி அனுப்புனது நான், சார். லேப்டாப்பைச் செருகிட்டே டெஸ்ட் பண்ணினேன். அவர் வீட்டுக்குப் போகணும்னா நானும் போறேன்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியில் இருந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார், அவை ஏதாவது சொல்லும் என்பது போல. கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

இதை நான் வேறு எதற்காகவும் செய்யவில்லை. புதிதாக ஒருவரைப் பிடித்து, அவருக்குத் திருகாணி அளவுகளைக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். சார்ஜர் காடை முட்டைகளோடு இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூலூர் பஸ் பிடித்தேன். கம்பெனி வேலை.

ஜூலை 18, வியாழன்

வந்தார். எழுந்து நின்று சாருக்கு வணக்கம் சொன்னார். பதினொரு மணிக்குப் பொட்டலம்.

"திருப்பூர் என்னாச்சு?"

"வேணாம்னுட்டனுங்."

"ஏன்?"

"அங்க பக்கத்துல வடைக் கடை இல்லீங் மேடம்."

வடைக்காகச் சம்பள உயர்வை விட்ட மனிதர். கொழுப்பைப் பற்றி ஒரு நாள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

மூன்று மெஷின்களிலும் ரிலேயை அந்தப் பின்னிலிருந்து பிரித்து, அடாப்டரிலிருந்து தனியாக ஐந்து வோல்ட் எடுத்துக் கொடுத்தோம். தங்கநாயகி சார்ஜரைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. அது சும்மா செருகியபடியே இருக்கட்டுமாம். இருக்கட்டும். என் வயரிங்கை நம்பாத உரிமையும் அவருக்கு உண்டு.

போர்டு செய்தவர்களின் விளக்கக் குறிப்பைத் திறந்து படித்தேன். இந்த மாற்றத்தை எறும்பு எழுத்தில் ஒரு வரியில் சொல்லித்தான் இருக்கிறார்கள். மிக்க நன்றி.

என் மேசைக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும். சார் அதற்கும் சூடம் காட்டினார்.

ஜூலை 24, புதன்

விடிந்ததும் தங்கநாயகி போன். "கத்துதுங் அம்மிணி. உள்ள கத்துதுங்."

சென்னியப்பனும் வந்தார். மெஷினைப் பார்க்க எதற்கு பர்ச்சேஸ் என்று சார் கேட்டார். திருகாணி தேவைப்படலாம் என்றேன்.

கதவைத் திறந்ததும் சூடான காற்றோடு ஒரே இரைச்சல். கட்டைவிரல் அளவில், பழுப்புக் கோடு போட்ட குஞ்சுகள், ஈரம் காயாத முதுகோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் பொரியவில்லை. பல்பை நம்பிக் கிடந்த நாட்களில் கணிசமாகப் போய்விட்டன. ஆனால் பாதிக்கு மேல் இருந்தன. தங்கநாயகி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகம் குத்தியது. எனக்கு அழுகை வந்தது. இதில் எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

"மில்லுக்குப் போகலீங்" என்றார் தங்கநாயகி.

"கதவைச் சரியாச் சாத்துனீங்களா அக்கா?" என்று கேட்டேன். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

சார்ஜரைத் துடைத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இவரு யாருங் அம்மிணி?"

"பர்ச்சேஸ்" என்றேன்.

"அது என்ன மொறைங்?"

நான் குஞ்சுகளை எண்ணத் தொடங்கினேன். அவை ஒரு இடத்தில் நிற்பதில்லை, அதனால் வெகுநேரம் ஆனது.

ஜூலை 25, வியாழன்

சென்னியப்பன் காலையில் ஒரு ஒயர் கடைக்குப் போய்விட்டு மதியம்தான் வருவதாக இருந்தது. பதினொரு மணிக்கு எனக்குப் பழக்க தோஷத்தில் பசித்தது. சந்து முனை வடைக் கடைக்கு நானே போனேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. போனதற்கு இன்னொரு காரணம், அந்த வள்ளலை நேரில் பார்த்து ஒரு நன்றி சொல்லலாம் என்பது.

"சென்னியப்பன் வாங்குவாரில்லைங்களா, அதே மாதிரி ரெண்டு ஆமவடை குடுங்க."

"அவரு ஒண்ணுதானுங்க வாங்குவாரு" என்றார் கடைக்காரர்.

"நீங்க ஒண்ணு சேத்திப் போடுவீங்களே, அதோட சேத்து."

அவர் கரண்டியை நிறுத்தினார். "சேத்தியா? நா எதுக்குங் சேத்திப் போடறேன்? எண்ணி எடுக்கறவன் நானு. அவரு எண்ணெய்ப் பண்டமே தொடமாட்டாருங்க, வயித்துப்புண்ணு. ஒரு டீ குடிப்பாரு, அதுவும் சக்கரை கம்மியா. போகைல ஒரே ஒரு வடை, நல்லா வெந்ததாப் பாத்து, அவரே கையக் காட்டி எடுக்கச் சொல்லுவாரு."

எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றேன். பின்னால் ஆட்கள் ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கினேன். இரண்டு வருடம். மழை நாள், பந்த் நாள், அவருக்குக் காய்ச்சல் வந்த நாள் எல்லாம். எங்கிருந்து வருகிறது என்று இதையும் நான் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டுச் சில்லறையைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

"வடை எத்தனைங்க?" என்றார் கடைக்காரர்.

"வடை வேண்டாங்க. ஒரு டீ பார்சல். சக்கரை கம்மியா."

சென்னியப்பன் வந்தபோது டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் மேசையில், திருகாணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங் மேடம் இது?"

"கடைக்காரரு ஒண்ணு சேத்திப் போட்டுட்டாருங்க" என்றேன்.

கீழே மாவு மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.